மலையைச் செதுக்கிய கட்ஸன் போர்க்ளம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் தென் டகோட்டா என்றொரு மாகாணம் உண்டு. அதன் மேற்கு ஓரத்தில், பைன் மரங்கள் அடர்ந்து, தூரப் பார்வைக்குக் கரிய நிறமாய்த் தோன்றும் மலைத்தொடர் ஒன்று இருக்கின்றது. அதனைப் பிளாக் ஹில்ஸ், அஃதாவது கருமலைகள், என வழங்குவர். அத்தொடரில் 5,725 அடி உயரமுள்ள ரஷ்மோர் என்னும் கருங்கற் சிகரத்தின் முகப்பில் நான்கு மனித முகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மோவாய் முதல் உச்சி வரை ஒவ்வொன்றும் 60 அடி. மூக்கு மாத்திரம் 20 அடி. ஒரு கண்ணின் அகலம் 11 அடி. ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட யாத்திரிகர் இவற்றைக் காணச் செல்கின்றனர். இவ்வேலையை வகுத்து நடத்தி, அது நிறைவேறுமுன்னரே காலஞ்சென்ற கட்ஸன் போர்க்ளம் என்னும் சிற்பியின் சரித்திரத்தை நம் சங்கத்தாருக்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம். உளியும் உலையும் பரம்பரைச் சொத்தாய் உடைய நம் குடும்பங்களில் இது வாசிக்கத் தக்கது. ஆயினும் ஒன்று கூறிவிடுகின்றோம். இவர் புகழுக்குரிய காரியங்களும் செய்தார். புகழ முடியாத காரியங்களும் செய்தார். இரண்டையும் நாம் மறைக்கப் போவதில்லை.

போர்க்ளம் 1867-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள், ஐடஹோப் பிரதேசத்தில், கரடியேரி என்று பொருள்படும் பெயருடைய ஏரியின் அருகே ஒரு குடியேற்ற கிராமத்தில் பிறந்தார். தந்தையார் டென்மார்க் தேசத்திலிருந்து வந்து குடியேறிய மரச்சிற்பி. பிற்காலத்தில் வைத்தியம் பயின்று அத்தொழிலை மேற்கொண்டார். அக்காலத்து மார்மன் மதத்தார் வழக்கப்படி தந்தையாருக்கு மனைவியர் இருவர். அவ்விருவரும் உடன்பிறந்த சகோதரிகள். இளையவரே நம் சிற்பியைப் பெற்றவர். குடும்பம் அம்மதத்தை விட்டு விலகியபோது, பெற்ற தாய் குடும்பத்தையும் விட்டுப் பிரிய நேர்ந்தது. மூத்த தாயாரின் பராமரிப்பில் வளர்ந்த இப்பிள்ளை பிற்காலத்தில் யாரோடும் நெடுநாள் இணங்கிப் போகாதவராக விளங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் ஊகம். இவருக்கு இளையவரான ஸாலன் என்பவரும் பெயர் பெற்ற சிற்பியே. தந்தையின் கைத்தொழில் மக்கள் இருவரிடத்தும் வேரூன்றிற்று எனலாம்.

இளமையில் இவர் கல்லச்சுத் தொழிற்சாலையில் வேலை பழகினார். பின்னர்ச் சித்திரம் எழுதக் கற்றார். தம்மினும் வயதிற் பெரிதும் மூத்தவரான சித்திர ஆசிரியை ஒருவரை 1889-இல் மணந்து, அவரோடு பாரிஸ் நகரம் சென்றார். அங்கே கலைச்சாலைகளிற் பயின்றதோடு, ரோதேன் என்னும் மகாசிற்பியின் வேலைகளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். கல்லில் மென்மையும் வேகமும் தோன்றச் செய்யும் அப்பெரியாரின் முறை இவர் கையில் இறுதிவரை நின்றது. பின்னர் அம்மணவாழ்வு முறிய, 1909-இல் மேரி மாண்ட்கமரி என்னும் அம்மையாரை மணந்தார். அவரிடம் பிறந்த மகனுக்கு லிங்கன் என்று பெயரிட்டார். ஏப்ரஹாம் லிங்கன்பால் இவருக்கு இருந்த பக்தி அத்தகையது.

அப்பக்தியின் விளைவே 1908-இல் இவர் செதுக்கிய லிங்கனின் சலவைக்கல் தலை. மாதிரிக்கு உயிருள்ள மனிதர் இல்லை. லிங்கன் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. நிழற்படங்களையும், உயிரோடிருந்தபோது எடுத்த முகவார்ப்பையும் இரவும் பகலும் ஆராய்ந்து, முகத்தின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதனைக் கண்டு, அவ்வேற்றுமையைக் கல்லில் ஏற்றினார். அத்தலை இன்றும் வாஷிங்டன் நகரத்துச் சட்டசபை மாளிகையில் இருக்கின்றது. நியூவர்க் நகரில் 1926-இல் இவர் நிறுவிய யுத்த நினைவுச் சின்னத்தில் 42 மனித உருவங்களும் இரண்டு குதிரைகளும் வெண்கலத்தில் வார்க்கப்பட்டுள்ளன. பொது இடத்தில் நிற்கும் சிலையே சிற்பிக்குரிய வேலை. செல்வர் வீட்டுக் கூடத்தில் நிற்பது அன்று என்பது இவர் கொள்கையாகிவிட்டது.

இனி, இவர் வாழ்வின் கரிய பக்கத்துக்கு வருகின்றோம். ஜார்ஜியா மாகாணத்தில் ஸ்டோன் மவுண்டன் என்னும் ஒற்றைக் கருங்கற் பாறை உண்டு. அடிமைமுறையைக் காத்தற்குப் போர் புரிந்து தோற்ற தெற்கத்தியத் தளபதிகளின் உருவங்களை அதன் மேற் செதுக்க வேண்டுமென்று அந்நாட்டு மாதர் சங்கத்தார் 1915-இல் இவரை அழைத்தனர். லிங்கனைப் போற்றிய கை, அவரை எதிர்த்தோரையும் செதுக்க ஒப்பிற்று. அம்மட்டோ! கறுப்பின மக்களைக் கொடுமை செய்தற்கென்றே எழுந்த கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் இரகசியச் சபையின் தலைவர்களோடு இவர் நெருங்கிப் பழகி, அவர்தம் அரசியல் ஆலோசனைகளிலும் கலந்துகொண்டார். குடியேறி வருவோரையும் யூதரையும் இழித்துக் கடிதங்கள் எழுதினார். தாமே குடியேறியவர் மகன் என்பதனை மறந்தார் போலும். 1924-இல் லீ என்னும் தளபதியின் தலை திறந்து வைக்கப்பட்டது. மறு ஆண்டே பணம் பற்றியும் அதிகாரம் பற்றியும் நிர்வாகிகளோடு சண்டை மூண்டு, வேலையினின்று நீக்கப்பட்டார். உடனே தம் மாதிரி உருக்களை உடைத்தெறிந்துவிட்டு, கைதாகாமல் தப்ப மாகாண எல்லையைக் கடந்து ஓடினார். அவர் செதுக்கியதையும் 1928-இல் வெடி வைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தினின்று அவருக்கு மிஞ்சியது ஒரு வித்தை: டைனமைட்டைக் கொண்டு மலையை விரல் பருமன் கணக்கில் உரித்தெடுக்கும் பக்குவம்.

அவ்வித்தைக்கு வேலை காத்திருந்தது. தென் டகோட்டாவின் சரித்திர அதிகாரியாயிருந்த டோன் ராபின்ஸன் என்னும் முதியவர், 1923-இல் ஒரு யோசனை வெளியிட்டார். அம்மாகாணத்தில் விளைச்சல் நிச்சயமில்லை; வேறு தொழிலும் அதிகமில்லை. மோட்டார் வண்டிகள் பெருகிய காலம் அது. காணத்தக்க ஓர் அதிசயம் இருந்தால் யாத்திரிகர் வருவர். அவரோடு பணமும் வரும் என்று அவர் கணக்கிட்டார். ஊசிகள் எனப்படும் கூரிய பாறைத் தூண்களில் மேற்றிசை வீரர்களையும், சிவப்பு மேகம் என்னும் பெயருடைய செவ்விந்தியத் தலைவரையும் செதுக்கலாம் என்பது அவர் எண்ணம். வேறொரு சிற்பி உடல்நலமின்மையால் மறுக்கவே, 1924-இல் போர்க்ளத்துக்கு எழுதினார். இவர் வந்து பார்த்தார். ஊசிப் பாறைகள் செதுக்குதற்கு ஏலாதன என்று தள்ளி, காலை முதல் பெரும்பொழுது வெயில் விழும் தென்கிழக்கு முகமுள்ள ரஷ்மோர் சிகரத்தைத் தேர்ந்தார். ஒரு மாகாணத்து வீரர்கள் போதா. தேசம் முழுதும் வந்து பார்க்க வேண்டுமாயின் தேசத்தலைவர்களே வேண்டும் என்றும் முடிவு செய்தார். தேசத்தின் தோற்றத்துக்கு வாஷிங்டன், விரிவுக்கு ஜெஃபர்ஸன், கட்டுக்கோப்புக்கு லிங்கன், பனாமாக் கால்வாய் முதலிய வளர்ச்சிக்குத் தியோடர் ரூஸ்வெல்ட் என நால்வர் அமைந்தனர். இயற்கை அழகைக் கெடுப்பது தகாது என்று அவ்வூர்ப் பத்திரிகைகளிற் பலமான கண்டனம் எழுந்தது. அதனை அவர் பொருட்படுத்தவில்லை.

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் ஜனாதிபதி கூலிட்ஜ் முன்னிலையில் தொடக்க விழா நடந்தது; அக்டோபரில் வெட்டு வேலை தொடங்கிற்று. வேலை முறை நம்மவர்க்கு விருப்பமாயிருக்கும் ஆதலின் சிறிது விரித்துரைப்போம். மலையடியில் ஒரு சிற்பக்கூடம் அமைத்து, அங்குலத்துக்கு ஓர் அடி என்னும் அளவில் பாரிஸ் சாந்தினால் மாதிரித் தலைகளைச் செய்து நிறுத்தினார். மாதிரியின் உச்சந்தலையில் பாகைக் கோடுகள் குறித்த தட்டு ஒன்று. அதன் நடுவே சுழலும் நீண்ட சட்டம். சட்டத்தினின்று தொங்கும் தூக்குக் குண்டு. மூக்கு நுனியை அளக்க வேண்டுமாயின், சட்டம் எத்தனை பாகை திரும்பிற்று, குண்டு சட்டத்தில் எவ்வளவு தள்ளி நின்றது, எவ்வளவு கீழே இறங்கிற்று என்னும் மூன்று அளவுகளை எடுப்பர். பாகையை மாற்றாமல், மற்ற இரண்டு நீள அளவுகளையும் பன்னிரண்டாற் பெருக்கி, மலையுச்சியில் நாட்டிய பெரிய சட்டத்திலும் குண்டிலும் அவ்வாறே அளந்து, பாறையில் வர்ணப் புள்ளி இடுவர். நம் தச்சர் கையில் உள்ள அதே தூக்குக் குண்டுதான்; அளவு மாத்திரம் மலைக்கேற்றது.

புள்ளியிட்ட இடத்தில் துளையிட்டு மருந்து கெட்டிப்பர். தொழிலாளர் உணவுக்கு இறங்கும் நண்பகலிலும், வேலை முடியும் மாலையிலும் வெடி வைப்பர். வெட்டியெடுத்த கல்லில் பத்தில் ஒன்பது பங்கு வெடியாலேயே நீங்கிற்று என்றால் நம்புதல் அரிது. முகத்தின் மேற்பரப்புக்குச் சில அங்குலம் இருக்கையில் வெடியை நிறுத்தி, தேனடைபோல் நெருக்கமாய்த் துளைகளிட்டு, இடையே நின்ற கல்லை ஆப்பும் சுத்தியலும் கொண்டு பெயர்ப்பர். இறுதியில் காற்றழுத்த யந்திரத்தால் இயங்கும் சிறு கருவியால் நடைபாதைக் கல்லைப்போல் வழவழப்பாக்குவர். நீக்கிய கல்லின் நிறை 4,50,000 டன். அது இன்றும் மலையடியிற் குவிந்தே கிடக்கின்றது.

இவ்வளவையும் செய்தவர் யாவர்? சிற்பசாலையில் தேர்ந்தவர்களா? அல்லர். அருகிலுள்ள கீஸ்டோன் முதலிய சிற்றூர்களில் சுரங்கங்கள் மூடப்பட்டமையால் வேலையிழந்து நின்ற சுரங்கத் தொழிலாளரும், மரம் வெட்டுவோரும், பண்ணையாட்களுமே. துளையிடவும் வெடிக்கவும் அறிவரேயன்றி, இமை என்றும் உதடு என்றும் அறியார். நாள்தோறும் 700 படி ஏறி, இரும்புக் கம்பிகளிற் கட்டிய பலகை இருக்கைகளில் அமர்ந்து, பாறை முகத்தில் தொங்கிக்கொண்டே வேலை செய்வர். மேலே கம்பி சுற்றுவோர்க்குத் தொங்குவோர் தெரியார்; ஆதலின் இடையில் ஒரு பையன் அமர்ந்து, ஏற்று, இறக்கு எனக் கூவுவான். முதல் மாதங்களில் பலர் அஞ்சி ஓடினர். நின்றவர் சில ஆண்டுகளில், எவ்வளவு மருந்து வைத்தால் எத்தனை அங்குலம் உரியும் என்பதனை உள்ளங்கையில் அறிந்தவராயினர். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் கூலிக்காக வந்தவர்கள், போகப் போகத் தம் வேலையைப் பெருமையாக எண்ணத் தலைப்பட்டனர். போர்க்ளத்துக்கோ முன்கோபம் அதிகம். சினம் வந்தால் ஆளை வேலையினின்று நீக்குவார். நீக்கப்பட்டவர் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படுவார். பிற்காலத்தில், பந்தாட்டத்திற் கெட்டிக்காரராயிருப்பவரை வேலைக்குத் தேடிச் சேர்த்ததும் உண்டு; தொழிலாளர் குழுவொன்று மாகாணப் போட்டிகளில் ஆடிற்று! ஏறக்குறைய 400 பேர் வேலை செய்த பதினான்கு ஆண்டுகளில் மலையில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. இஃது அவர் நிர்வாகத்துக்குக் கிடைத்த பெரும் நற்சான்று.

கல்லோ திட்டப்படி வளைந்து கொடுக்கவில்லை. வாஷிங்டனின் வலப்புறத்தில் ஜெஃபர்ஸனைத் தொடங்கி ஒன்றரை ஆண்டு உழைத்த பின்னர், அங்குள்ள கல் பிளவுடையது எனத் தெரிந்தது. 1934-இல் அம்முகத்தை முழுதும் வெடித்தெறிந்து, மறுபுறத்தில் மீண்டும் தொடங்கினார். பெரிய கல்வெட்டொன்று எழுதத் திட்டமிட்ட இடத்துக்கு லிங்கன் வந்தார். கல்வெட்டுக்கு வாசகம் எழுத ஒப்புக்கொண்ட கூலிட்ஜின் சொற்களை இவர் தாமாகவே திருத்தி வெளியிட, அவர் மனம் கசந்து விலகியதும் உண்டு. முன்னே செய்து முடித்ததை உடைக்கத் துணிவதும், பிறர் எழுதியதைத் திருத்தத் துணிவதும் ஒரே குணத்தின் இரு முகங்கள். ஒன்று மலைக்கு நன்மை செய்தது.

கண்களைப் பற்றி ஒரு வார்த்தை. விக்கிரகத்துக்குக் கண் திறத்தலின் அருமையை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. குடைந்த குழிக்குள், கருமணி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கல் முளையை நீக்காமல் விட்டார் போர்க்ளம். சுற்றிலும் நிழல், முளை நுனியில் மட்டும் வெயில். தூரத்தே நின்று காண்போர்க்கு அக்கண் ஒளிவிட்டுப் பார்ப்பதாகவே தோன்றும்.

பணத்துக்காக அவர் பட்ட பாடு பெரிது. பள்ளிப் பிள்ளைகளின் சில்லறைக் காசு முதல் தேசிய சட்டசபையின் மானியம் வரை கேட்டுப் பெற்றார். மொத்தச் செலவு 9,89,992 டாலர். அதில் பெரும்பகுதி அரசாங்கம் தந்தது. இதற்கு ஸெனட்டர் பீட்டர் நார்பெக் பெருந்துணையாயிருந்தார். யாத்திரிகருக்கென மலைப்பாதை ஒன்றும் அவரே வகுத்தார்: அதன் குகைவழிகளினின்று வண்டி வெளிப்படும்போது, சட்டமிட்ட படம்போல் நான்கு முகங்களும் எதிரே தோன்றும்படி திசையறிந்து குடைந்தனர். முகங்களுக்குப் பின்னே சாஸன மண்டபம் ஒன்று குடைந்து, இவ்வேலையின் வரலாற்றைப் பிற்காலத்தார்க்கு வைக்க வேண்டுமென்பது போர்க்ளத்தின் ஆசை. 70 அடி குடைந்த நிலையில், முகங்களை முதலில் முடிக்குமாறு 1939-இல் அரசாங்கம் அதனை நிறுத்திற்று. 1998-இல்தான் எழுத்துப் பலகைகள் அதன் வாயிலிற் புதைத்து வைக்கப்பட்டன.

இளஞ்சிற்பிகளைப் பழக்குவதில் அவர் எப்படி? இஸாமு நொகூச்சி என்னும் ஜப்பானியத் தந்தைக்குப் பிறந்த இளைஞர் 1922-இல் இவரிடம் பயிலச் சேர்ந்தார். இவனுக்குச் சிற்பம் ஒருநாளும் வராது என்று போர்க்ளம் தள்ளிவிட்டார். மனமுடைந்த இளைஞர் வைத்தியம் படிக்கப் போய், பின்னர் மீண்டும் சிற்பத்துக்குத் திரும்பி, அந்நூற்றாண்டின் தலைசிறந்த சிற்பிகளில் ஒருவராயினார். கோர்ஸாக் ஸியல்காவ்ஸ்கி என்பவர் 1939-இல் உதவியாளராய் வந்து, ஆசிரியரின் மகனோடு மோதி விலகினார். எழுத்தறியாச் சுரங்கத்தானிடம் பொறுமை காட்டிய ஆசான், தம்மைப்போல் பெயரெடுக்கக் கூடியவனிடம் அப்பொறுமையைக் காட்டவில்லை. நம் பட்டறைகளிலும் இவ்வியல்பைக் கண்டிருக்கின்றோம்.

அம்மலை எவருடையது என்னும் வினாவையும் தவிர்த்தல் நேர்மையன்று. லக்கோட்டா என்னும் பழங்குடியினர் அதனை ஆறு பாட்டனார் என்று பெயரிட்டுப் புனிதமாய்ப் போற்றி வந்தனர். 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கருமலைகள் அவர்க்கே உரியன என்று அமெரிக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1874-இல் தங்கம் கண்டனர். 1877-இல் நிலத்தைப் பறித்தனர். அப்பறிப்பு முறையற்றது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பத்துக் கோடி டாலருக்கு மேல் ஈடு தரச் செய்தது. லக்கோட்டா மக்கள் இன்றுவரை அப்பணத்தைத் தொடவில்லை. நிலமே வேண்டும் என்கின்றனர். அவர்தம் தலைவர் ஒருவர் வேண்டுகோளின்படி, மேற்சொன்ன ஸியல்காவ்ஸ்கி 1948-இல் அத்தொடரின் வேறொரு மலையில் கிரேஸி ஹார்ஸ் என்னும் வீரரின் உருவைத் தொடங்கினார். அவர் 1982-இல் இறந்தார். அம்முகம் 1998-இல் முடிந்தது. மற்ற உறுப்புகள் இன்னும் முடியவில்லை. அங்கும் யாத்திரிகர் கூட்டம் குறைவில்லை.

போர்க்ளம் 1941-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள், சிகாகோ நகரில் சஸ்திர சிகிச்சைக்குப் பின் காலமானார். நால்வரையும் இடை வரை செதுக்குவதாயிருந்தது திட்டம். மகன் லிங்கன் எஞ்சிய சில்லறை வேலைகளை முடிக்க, பணமும் தீர, யுத்தமும் நெருங்க, அக்டோபர் 31-ஆம் நாள் வேலை நின்றது. வாஷிங்டனின் மேலங்கியின் மடிப்பு மாத்திரம் அத்திட்டத்தின் அடையாளமாய் நிற்கின்றது.

இன்னும் ஒருவரைக் கூறாமல் விட்டால் இவ்வரலாறு குறையுடையதாகும். லூயிஜி தெல் பியாங்கோ என்பவர் இத்தாலிய நாட்டுக் கல்தச்சர். 1892-இல் பிறந்தவர். நியூயார்க் மாகாணத்தில் குடியேறி, 1920-க்குப் பின் போர்க்ளத்திடம் வேலை செய்தார். 1933-இல் ரஷ்மோருக்குத் தலைமைச் செதுக்காளராக வந்து சேர்ந்தார். சுரங்கத்தார் விட்ட இடத்தில் தொடங்கி, முகங்களுக்குக் குறிப்பு ஏற்றும் நுண்வேலை இவர் கையது. லிங்கனின் கண்கள் இவர் செதுக்கியவை. ஜெஃபர்ஸனின் உதட்டில் பிளவு கண்டபோது, அளவாய் வெட்டிய கருங்கல் துண்டைப் பொருத்தி ஒட்டுத் தெரியாமல் அடைத்தவரும் இவரே. அமெரிக்கா முழுதும் தேடினாலும் கிடைக்கும் மூவருக்கு இவர் ஒருவர் ஈடு என்று போர்க்ளம் எழுதி வைத்தார். இவர் கூலிக்காக நிர்வாகக் குழுவோடு வழக்காடியும் இருக்கின்றார். குடியேறுவோரை இழித்த மனிதர், குடியேறிய தொழிலாளிக்கு இவ்வளவு செய்தார் என்பதனையும் கணக்கில் வைத்தல் வேண்டும்.

வேலை நின்றதும் தெல் பியாங்கோ ஊர் திரும்பிக் கல்லறைக் கற்கள் செதுக்கிப் பிழைத்தார். கல் தூசி நுரையீரலிற் படிந்து வரும் நோய், நம்மவர் பலர் வீட்டிலும் அறியப்பட்டது, அவரையும் பற்றிற்று, 1969-இல் இறந்தார். மலையில் ஒருவரும் சாகவில்லை என்னும் கணக்கில் இத்தகைய சாவுகள் சேர்வதில்லை. தொழிலாளர் பெயர்ப் பட்டியலில் நானூற்றில் ஒருவராகவே அவர் பெயரும் நெடுங்காலம் இருந்தது. அவர் குடும்பத்தார் போர்க்ளத்தின் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளிடம் வாதாடினர். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில், ரஷ்மோர் மலையடியில் தலைமைச் செதுக்காளர் என்னும் பட்டத்தோடு லூயிஜி தெல் பியாங்கோவின் பெயர் பொறித்த தகடு திறந்து வைக்கப்பட்டது.